குடியுரிமைக்குத் தமிழ் போதுமா? நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு இரண்டு வகையானவர்கள் என்னைத் தேடி வரத் தொடங்கினார்கள். இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க மொழிச் சான்றிதழ் வேண்டும் என்று வருபவர்கள் ஒரு வகை. பிள்ளைகளோடு வெளிநாட்டில் போய்க் குடியிருந்து, அங்கே குடியுரிமைத் தேர்வை எழுத வேண்டிய கட்டத்தில், "இந்த வயசுல இதெல்லாம் எனக்கு மண்டையில ஏறுமா சார்?" என்று கேட்டு வரும் பெற்றோர் இன்னொரு வகை. இரு சாராரும் மொழியை நினைத்துத்தான் அஞ்சுகிறார்கள். சட்டத்தைப் படித்துப் பார்த்தாலோ தடை பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது. நான் வழக்கறிஞன் அல்லன். ஆனால் சட்டத்தின் வாசகங்களைச் சொல் சொல்லாகப் பிரித்துப் படித்து, வருகிறவர்களுக்கு எடுத்துச் சொல்லி வந்திருக்கிறேன். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் இங்கே எழுதியிருக்கிறேன்.

இந்தியக் குடியுரிமை பெற இந்தி தெரிந்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. வேறு நாட்டுக் குடிமகன் ஒருவர் இந்தியாவில் நெடுங்காலம் வாழ்ந்து, அந்த வாழ்க்கையின் பலத்தில் குடியுரிமை பெறுவதைச் சட்டம் இயல்புரிமை என்கிறது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தில் 6ஆம் பிரிவு இதற்கு வழி செய்கிறது. தேவையான தகுதிகள் அச்சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் வரிசையாக உள்ளன. அவற்றுள் மொழியைப் பற்றியது ஒரே ஒரு வரிதான். அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் குறிப்பிடப்பட்ட மொழிகளுள் ஒன்றில் விண்ணப்பதாரருக்குப் போதிய அறிவு இருக்க வேண்டும் என்பதே அந்த வரி. ‘ஒன்றில்’ என்ற சொல்லை நிறுத்திப் படியுங்கள்.

1950இல் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த அட்டவணையில் 14 மொழிகள் இருந்தன. 1967இல் சிந்தியும், 1992இல் கொங்கணி, மணிப்புரி, நேபாளி ஆகியவையும், 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தால் போடோ, டோக்ரி, மைதிலி, சந்தாலி ஆகியவையும் சேர்க்கப்பட்டு இன்று 22 மொழிகள் உள்ளன. தமிழ் முதல் நாளிலிருந்தே அந்தப் பட்டியலில் இருக்கிறது. எனவே தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர் மொழித் தகுதியை முழுமையாக நிறைவு செய்கிறார். பாதியாக அன்று, சலுகையாகவும் அன்று. இந்தி தெரியாவிட்டால் விண்ணப்பம் நின்றுவிடும் என்று யாராவது சொன்னால், அந்த வரியை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

ஆங்கிலத்தில் பட்டம் பெற்றிருக்கிறேன். அது போதாதா?

போதாது. எட்டாவது அட்டவணையில் ஆங்கிலம் இல்லை. ஆங்கிலத்தில் எவ்வளவு புலமை இருந்தாலும், மூன்றாவது அட்டவணையின் மொழி நிபந்தனைக்கு அது கணக்கில் வராது. சிங்களமும் மலாயும் அப்படியே. நம் ஊர்ப்பக்கம் வழங்கும் சௌராஷ்டிர மொழியும் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். வீட்டில் அதைப் பேசுவோரும் விண்ணப்பத்தில் தமிழையே காட்ட வேண்டியிருக்கும்.

‘போதிய அறிவு’ என்றால் எவ்வளவு? எழுதப் படிக்கத் தெரியாதவர் என்ன செய்வது?

1955ஆம் ஆண்டுச் சட்டம் ‘போதிய அறிவு’ என்பதற்கு இலக்கணம் வகுக்கவில்லை. இத்தனை மதிப்பெண், இத்தனை சொற்கள் என்ற அளவும் இல்லை. அரசு நடத்தும் மொழித் தேர்வும் இல்லை. இயல்புரிமைக்கான விண்ணப்பம் 2009ஆம் ஆண்டுக் குடியுரிமை விதிகளின்படி படிவம் 8இல் அமைகிறது. அதனோடு, எட்டாவது அட்டவணை மொழி ஒன்றில் அறிவு உண்டு என்பதற்கான இரண்டு மொழிச் சான்றிதழ்களை இணைக்கச் சொல்கிறார்கள். அந்தச் சான்றிதழ்களின் தரம்தான் உங்கள் மொழியறிவுக்குச் சாட்சி.

ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து வந்த ஆறு சமயத்தவருக்கான 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிப்போருக்காக 2024 மார்ச்சில் வெளியான விதிகள் இதை இன்னும் எளிதாக்கின. அவர்கள் தமக்கு ஒரு மொழியில் போதிய அறிவு உண்டு என்று தாமே உறுதிமொழி கொடுத்தால் போதும். ஒரு சாராருக்குத் தம் வாய்ச்சொல்லே போதும் என்கிற சட்டம், மற்றவர்களுக்கும் அதே அளவுகோலைப் பிடித்தால் நன்றாக இருக்கும் என்பது என் கருத்து.

எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கு நான் சான்றிதழ் கொடுப்பேனா என்று கேட்டால், கொடுப்பேன். ஆனால் உள்ளதை உள்ளபடி எழுதித்தான் கொடுப்பேன். ‘இவர் தமிழைப் பிழையின்றிப் பேசுகிறார், கேட்டுப் புரிந்துகொள்கிறார், தம் பெயரை எழுதுகிறார், அச்சிட்ட பத்தியைப் படிக்கப் பழகவில்லை’ என்று எழுதிய சான்றிதழ், ‘நன்கு தேர்ச்சி பெற்றவர்’ என்ற பொதுவான ஒரு வரியைவிட அதிகாரியின் முன் உறுதியாக நிற்கும். ஒரு முறை அறுபது வயது தாண்டிய பெரியவர் ஒருவர் வந்தார். எழுத்து வாசனையே கிடையாது என்று வீட்டார் சொன்னார்கள். பேசிக்கொண்டிருந்தபோது, வண்ணாரப்பேட்டையிலிருந்து எந்தப் பேருந்தில் வந்தீர்கள் என்று கேட்டேன். பேருந்தின் நெற்றியில் எழுதியிருந்த ஊர்ப்பெயரைப் படித்துத்தான் ஏறினேன் என்றார். ஒரு தாளில் ஊர்ப்பெயர்களை எழுதி நீட்டினேன். அம்பாசமுத்திரம், நாங்குநேரி, வள்ளியூர், திசையன்விளை என்று ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் படித்தார். நாற்பது ஆண்டுகளாகப் படித்துக்கொண்டே இருந்தவர், தமக்குப் படிக்கத் தெரியாது என்றே நம்பியிருந்தார்.

மொழிச் சான்றிதழை யாரிடம் வாங்குவது?

அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனத்தில் தமிழை ஒரு பாடமாகப் படித்திருந்தால், அந்தச் சான்று முதன்மையானது. தமிழ்நாட்டுப் பள்ளியில் எட்டாம் வகுப்புவரை படித்த ஒருவர்கூட, பள்ளியின் பதிவேட்டிலிருந்து சான்று பெறலாம். பள்ளிக்கே போகாதவர்கள், அவர்களை நேரில் அறிந்த மொழியாசிரியர் அல்லது கல்லூரித் தமிழ்த்துறையினரை அணுகலாம். எந்தச் சான்றை ஏற்பார்கள் என்பதைக் கொக்கிரகுளத்தில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்வது அலைச்சலைக் குறைக்கும்.

இதற்குப் பணம் கொடுக்காதீர்கள். இடைத்தரகர் ஒருவர், ‘தமிழ்த் தேர்வுக் கட்டணம்’ என்ற பெயரில் ஒரு குடும்பத்திடம் கூலியில் சேர்த்த பணத்தை வாங்கிக்கொண்டதை நான் அறிவேன். அப்படி ஒரு தேர்வே கிடையாது. அந்தக் குடும்பத்தில் மூத்த பெண் ஒரு நெகிழிப் பைக்குள் இன்னொரு பை, அதற்குள் இன்னொன்று என்று மூன்று உறைகளுக்குள் தன் காகிதங்களை வைத்திருந்தார். அந்த ‘ரசீதும்’ அவற்றோடு பத்திரமாக இருந்தது. மனம் கொதித்தது.

இந்தியாவில் குடிமைப் பொது அறிவுத் தேர்வு உண்டா?

இல்லை. அரசமைப்புச் சட்டம், வரலாறு, ஆட்சிமுறை ஆகியவற்றில் கேள்வி கேட்டு மதிப்பெண் போடும் முறை இந்திய இயல்புரிமையில் கிடையாது. நன்னடத்தைதான் கேட்கப்படுகிறது, அதற்காக விண்ணப்பதாரரின் பிரமாணப் பத்திரத்தோடு, இந்தியக் குடிமக்கள் இருவரின் பிரமாணப் பத்திரங்களும் வேண்டும். விண்ணப்பிக்கப் போவதை நாளிதழ்களில் அறிவிப்பாக வெளியிட்டு, அந்த நறுக்குகளையும் இணைக்க வேண்டும். இறுதியில், இந்திய அரசமைப்புச் சட்டத்துக்கு உண்மையான பற்றும் விசுவாசமும் கொண்டிருப்பேன், சட்டங்களைக் கடைப்பிடிப்பேன், குடிமகனுக்குரிய கடமைகளை நிறைவேற்றுவேன் என்ற உறுதிமொழியை எடுக்க வேண்டும்.

தேர்வு இல்லை என்பதற்காகப் படிக்காமல் இருந்துவிடாதீர்கள் என்று வருகிறவர்களிடம் சொல்வேன். எதன்மேல் உறுதிமொழி எடுக்கிறோமோ அதன் முகப்புரையையாவது ஒரு முறை வாய்விட்டுப் படிக்க வேண்டும். ‘இந்திய மக்களாகிய நாம்’ என்று தொடங்கும் அந்தப் பத்தி தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களிலேயே இருக்கிறது. வார்டு உறுப்பினர் யார், கிராம சபை எப்போது கூடுகிறது, நியாய விலைக் கடையில் குறை இருந்தால் எங்கே மனு கொடுப்பது என்பவையும் குடிமை அறிவுதான்.

கங்கைகொண்டான் இலங்கைத் தமிழர் முகாமில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறோம். தமிழ்தான் பேசுகிறோம். எங்களுக்கு ஏன் குடியுரிமை கிடைக்கவில்லை?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு மாதம்கூடக் கழிந்ததில்லை. சுருக்கமாகப் பதில் சொல்லிவிட முடியாத கேள்வியும் இதுதான்.

முதலில், மொழி உங்களுக்குத் தடை அன்று. யாழ்ப்பாணத் தமிழோ, மலையகத் தமிழோ, மன்னார்த் தமிழோ, எல்லாம் எட்டாவது அட்டவணையில் உள்ள அதே தமிழ்தான். ‘கதைக்கிறேன்’ என்று சொல்பவருக்குப் ‘பேசுகிறேன்’ என்று சொல்லிப் பழக வேண்டிய கட்டாயம் ஏதும் இல்லை. வசித்த காலமும் பலருக்குத் தடை அன்று. தடை வேறிடத்தில் இருக்கிறது. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, செல்லத்தக்க கடவுச்சீட்டோ பயண ஆவணமோ இன்றி நாட்டுக்குள் வந்தவரையும், அனுமதிக்கப்பட்ட காலம் கடந்து தங்கியவரையும் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்று சட்டம் வகைப்படுத்துகிறது. அந்த வகையில் வருபவர் பதிவின் மூலமோ இயல்புரிமையின் மூலமோ விண்ணப்பிக்க முடியாது. போருக்குத் தப்பி இரவோடு இரவாகப் படகேறி வந்தவர்களிடம் கடவுச்சீட்டு எப்படி இருக்கும்? 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இந்தத் தடையை நீக்கியது. ஆனால் ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31ஆம் தேதிக்குள் வந்த ஆறு சமயத்தவருக்கு மட்டுமே. இலங்கை அதில் இல்லை. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9ஆம் தேதிவரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணமின்றி இருப்பதற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து மத்திய அரசு விலக்கு அளித்தது. அது நிம்மதி தருவதுதான். ஆனால் அது குடியுரிமை அன்று.

இரண்டாவதாக, குடும்பத்தில் ஒவ்வொருவரின் பிறந்த இடத்தையும் தேதியையும் தனித்தனியே பாருங்கள். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1ஆம் தேதிக்கு முன்புவரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். அவருக்கு இயல்புரிமையும் வேண்டாம், மொழிச் சான்றிதழும் வேண்டாம். 1984, 1985ஆம் ஆண்டுகளில் வந்து, இங்கே 1986இல் குழந்தை பெற்ற குடும்பங்கள் உண்டு. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் தீர்ப்பளித்தது. அவர் 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 3ஆம் தேதிக்கு முன்புவரை பிறந்தவர்களுக்குத் தாய் தந்தையரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

மூன்றாவதாக, இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பமாக இருந்தால் தாத்தாவின் காகிதங்களைத் தேடுங்கள். 1964 அக்டோபர் 30ஆம் தேதி கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள இணங்கியது. விடுபட்ட 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974இல் முடிவாயிற்று. அந்தக் கணக்கில் இந்தியக் கடவுச்சீட்டோ குடும்ப அட்டையோ பெற்றவரின் வழித்தோன்றல், அகதியாக வந்தவர் என்று தவறாகப் பதிவாகியிருப்பது உண்டு. பெட்டியின் அடியில் மடங்கிக் கிடக்கும் பழைய கடவுச்சீட்டு ஒன்று, மொழிச் சான்றிதழ் நூறு செய்ய முடியாததைச் செய்யும்.

மலேசியாவில் பிறந்த பெண்ணை என் மகன் மணந்திருக்கிறான். அவளுக்குத் தமிழ்ச் சான்றிதழ் வேண்டுமா?

வேண்டாம். இந்தியக் குடிமகனை மணந்தவர் 5ஆம் பிரிவின்படி பதிவு மூலம் விண்ணப்பிக்கலாம்; அதற்கு மொழி நிபந்தனை இல்லை. ஏழாண்டுகள் இங்கே வசித்திருக்க வேண்டும்: விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதங்கள் தொடர்ச்சியாகவும், அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகளில் மொத்தம் ஆறு ஆண்டுகளும். மலேசியக் குடியுரிமையை விட்டுவிட வேண்டியிருக்கும்.

இயல்புரிமைக்கு எத்தனை ஆண்டுகள் வசிக்க வேண்டும்?

விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதங்கள் தொடர்ந்தும், அதற்கு முந்தைய 14 ஆண்டுகளில் மொத்தம் 11 ஆண்டுகளும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வருவோருக்கு அந்தப் பதினொன்று ஐந்தாகிறது.

ஐரோப்பியர் ஒருவர் நம் மாவட்டத்தில் பல ஆண்டுகளாகத் தொண்டு செய்து வருகிறார். இந்த வயதில் அவர் தமிழ் கற்று விண்ணப்பிக்க முடியுமா?

முடியும். இந்த மண்ணில் அதற்கு முன்னோடிகளைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பிரஷ்யாவில் பிறந்த ரேனியஸ் பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு தமிழுக்கு இலக்கணம் எழுதினார். அயர்லாந்தில் பிறந்த கால்டுவெல் இடையன்குடியில் அரை நூற்றாண்டு வாழ்ந்து, 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். அவர்கள் காலத்தில் இந்தியக் குடியுரிமை என்ற ஒன்று இல்லை. ஆனால் வேற்று நாட்டவர் நம் மொழியை எவ்வளவு தூரம் தம்முடையதாக்கிக்கொள்ள முடியும் என்பதற்கு அவர்கள் சான்று. இன்றைய சட்டம் கேட்பது அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

அறிவியல், தத்துவம், கலை, இலக்கியம், உலக அமைதி, மனித முன்னேற்றம் ஆகியவற்றுக்குச் சிறப்பான தொண்டாற்றியவர் என்று மத்திய அரசு கருதினால், மொழி உட்பட எந்த நிபந்தனையையும் தளர்த்தலாம் என்று 6ஆம் பிரிவே சொல்கிறது. அது அரசின் விருப்பத்துக்கு உட்பட்டது. அதை நம்பி இருப்பதைவிட நாளுக்கு ஒரு பக்கம் தமிழ் படிப்பது நல்லது.

அம்மாவுக்கு 68 வயது. அமெரிக்காவில் எங்களோடு ஐந்து ஆண்டுகளாகப் பச்சை அட்டையில் (நிரந்தரக் குடியிருப்பு அனுமதியில்) இருக்கிறார். வயதுக்காக ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு கிடைக்குமா?

கிடைக்காது. மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம் இது. அமெரிக்கச் சட்டத்தில் வயது மட்டும் விலக்குத் தருவதில்லை. வயதோடு பச்சை அட்டையில் கழிந்த ஆண்டுகளும் சேர வேண்டும். விண்ணப்பிக்கும் நாளில் 50 வயது நிரம்பி, 20 ஆண்டுகள் நிரந்தரக் குடியிருப்பாளராக இருந்தவருக்கும், 55 வயது நிரம்பி 15 ஆண்டுகள் இருந்தவருக்கும் ஆங்கிலத்திலிருந்து விலக்கு உண்டு. குடிமை அறிவுத் தேர்விலிருந்து இவர்களுக்கும் விலக்கு இல்லை. ஆனால் மொழிபெயர்ப்பாளரை அழைத்துக்கொண்டு போய் அதைத் தமிழிலேயே சொல்லலாம். 65 வயதும் 20 ஆண்டும் நிரம்பியவருக்கு, படிக்க வேண்டிய கேள்விகளும் 20 ஆகக் குறைகின்றன. பத்துக் கேள்வி கேட்பார்கள், ஆறுக்குச் சரியான விடை சொன்னால் போதும்.

உங்கள் தாயார் ஐந்து ஆண்டுகளே இருந்திருப்பதால், ஆங்கிலம் பேச வேண்டும், மூன்று வாக்கியங்களில் ஒன்றைச் சரியாகப் படிக்க வேண்டும், மூன்றில் ஒன்றைச் சரியாக எழுத வேண்டும். அந்த வாக்கியங்களில் வரும் சொற்களின் பட்டியலை அமெரிக்கக் குடியேற்றத் துறையே வெளியிட்டிருக்கிறது. ஒரு பகுதியில் தவறினாலும், 60 முதல் 90 நாள்களுக்குள் அந்தப் பகுதியை மட்டும் மறுபடியும் கேட்பார்கள்.

மறதி நோய் போன்ற உடல், மனநலக் குறைபாட்டால் கற்கவே முடியாத நிலையில் இருப்பவருக்கு மருத்துவர் நிரப்பித் தரும் என்-648 படிவம் உண்டு. வயதால் வரும் சாதாரண மறதிக்கு அது செல்லாது.

அமெரிக்கக் குடிமை அறிவுத் தேர்வின் கேள்விகள் மாறிவிட்டன என்கிறார்களே?

ஆம். 2025 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் விண்ணப்பித்தவர்களுக்கு 100 கேள்விகள் கொண்ட பழைய தொகுப்பு; அதில் பத்து கேட்டு ஆறு சரியாக வேண்டும். அன்று முதல் விண்ணப்பிப்போருக்கு 128 கேள்விகள் கொண்ட புதிய தொகுப்பு. இருபது வரை கேட்பார்கள், பன்னிரண்டு சரியாக வேண்டும். பன்னிரண்டு வந்ததும் நிறுத்திவிடுவார்கள். ஒன்பது தவறினாலும் நிறுத்திவிடுவார்கள். உறவினர் வீட்டிலிருந்து வாங்கிய பழைய புத்தகத்தை வைத்துப் படிக்கும் முன், விண்ணப்பித்த தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வயதானவர்களை எப்படித் தயார் செய்வது?

கல்லிடைக்குறிச்சி ஆச்சி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். வயது 71. பச்சை அட்டை வாங்கிப் பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊருக்கு வந்திருந்த இரண்டு மாதத்தில் ஆங்கிலம் சொல்லித் தர முடியுமா என்று மகன் தொலைபேசியில் கேட்டார். ஆண்டுக் கணக்கைக் கேட்ட பிறகு, ஆங்கிலமே வேண்டியதில்லை, தமிழிலேயே சொல்லலாம் என்றேன். அதுவரை ஒரு வருடமாக அந்த அம்மாளை ஆங்கில வாக்கியங்களை மனப்பாடம் செய்யச் சொல்லி வருத்தியிருக்கிறார்கள். செய்தியைக் கேட்டதும் ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

பிறகு பாடம் வேகமாக நடந்தது. நான் அமெரிக்க ஆட்சிமுறையை நம்முடையதோடு பக்கத்தில் வைத்துச் சொன்னேன். செனட்டருக்கு ஆறு ஆண்டு, பிரதிநிதிக்கு இரண்டு ஆண்டு என்றதும், "நம்ம ராஜ்ய சபைக்கும் ஆறு வருசந்தானே சார்?" என்றார். அந்த விடை அதற்குப் பிறகு அவருக்கு மறக்கவே இல்லை. கொடியில் 13 பட்டைகள் ஏன் என்ற கேள்விக்கு, தொடக்கத்தில் இருந்த 13 குடியேற்ற நாடுகள் என்ற விடையை, முருங்கைக்கீரையை உருவிப் பதிமூன்று காம்புகளைத் திண்ணையில் அடுக்கி வைத்து நினைவில் ஏற்றிக்கொண்டார். அரசமைப்புச் சட்டம் ‘மக்களாகிய நாம்’ என்று தொடங்குகிறது என்றபோது, நம்முடையதும் அப்படித்தான் தொடங்குகிறது என்று பேத்தியின் பாடநூலைக் காட்டினேன். தெரிந்ததன்மேல் தெரியாததை வைத்தால் எழுபது வயதிலும் நிற்கிறது. தனியாக மனப்பாடம் செய்தால் இருபது வயதிலும் உதிர்ந்துவிடுகிறது.

மொழிபெயர்ப்பாளரிடம் ஒரு முறை முன்கூட்டியே பேசிப் பழகுவது அவசியம். ‘ஒன்றிய அரசு’ என்று நாம் சொல்லிக் கொடுத்திருக்க, அவர் ‘கூட்டாட்சி அரசாங்கம்’ என்று கேட்டால், விடை தெரிந்தும் ஆச்சி விழிப்பார்.

ஊரில் அதிக நாள் தங்கினால் பாதிக்குமா?

பாதிக்கும். ஒரே பயணத்தில் ஆறு மாதத்துக்கு மேல் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால், தொடர் வசிப்பு முறிந்துவிட்டதாகக் கருதுவார்கள். முறியவில்லை என்று நீங்கள்தான் மெய்ப்பிக்க வேண்டும். ஓர் ஆண்டு ஆகிவிட்டால் முறிந்தே போகிறது. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு வந்து, தைப்பொங்கலும் பொங்கிவிட்டுப் போகலாம் என்று இருந்துவிடும் பெற்றோர் உண்டு. அந்தக் கணக்கு ஆறு மாதத்தைத் தாண்டிவிடும்.

பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, ஜெர்மனி?

இந்த நாடுகளில் முதல் மூன்று, வயதை மட்டும் பார்த்தே விலக்குத் தருகின்றன. பிரிட்டனில் 18 முதல் 64 வயதுவரை பி1 நிலை (இடைநிலைத் தர) ஆங்கிலமும், 45 நிமிடத்தில் 24 கேள்விகள் கொண்ட நாட்டறிவுத் தேர்வும் உண்டு. 18 சரியாக வேண்டும். அங்கே ஆங்கிலத்துக்குப் பதில் வெல்ஷ் மொழியையோ ஸ்காட்டிஷ் கேலிக் மொழியையோ காட்டலாம் என்பது, சிறு மொழிகளை மதிக்கும் செயலாக எனக்குப் படுகிறது. கனடாவில் 18 முதல் 54 வயதுவரைதான் மொழியும் தேர்வும்; 20 கேள்விகளில் 15 சரியாக வேண்டும், மொழி ஆங்கிலமாகவோ பிரெஞ்சாகவோ இருக்கலாம். ஆஸ்திரேலியாவிலும் இருபதுக்குப் பதினைந்துதான். ஆனால் அந்நாட்டு விழுமியங்கள் பற்றிய ஐந்து கேள்விகளில் ஒன்று தவறினாலும் தேர்ச்சி இல்லை, 60 வயதானவர்களுக்குத் தேர்வு இல்லை. ஜெர்மனியில் பி1 நிலை ஜெர்மனும், 33 கேள்விகளில் 17 சரியான விடைகளும் வேண்டும்.

சிங்கப்பூரில் தமிழ் செல்லுமா?

செல்லும், அது அந்நாட்டு அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. பதிவு மூலம் குடியுரிமை பெறுபவர் மலாய், ஆங்கிலம், மாண்டரின், தமிழ் ஆகியவற்றுள் ஒன்றில் தொடக்க நிலை அறிவு பெற்றிருக்க வேண்டும் என்கிறது அதன் 123ஆம் பிரிவு. 45 வயதைக் கடந்தவருக்கு அதிலிருந்தும் விலக்களிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் தலைமுறை தலைமுறையாகக் கடல் கடந்துபோய் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். மொழி நிபந்தனை நிறைவேறினால் குடியுரிமை வந்துவிடும் என்று பொருள் அன்று. அரசு வேறு பலவற்றையும் பார்த்தே முடிவு செய்கிறது. மலேசியாவில் இந்த வாய்ப்பு இல்லை. அங்கே இயல்புரிமைக்கு மலாய் மொழியில் போதிய அறிவு வேண்டும்.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றபின் இந்தியக் குடியுரிமையும் இருக்குமா?

இருக்காது. வேறு நாட்டின் குடியுரிமையைத் தானாக விரும்பிப் பெற்ற நாளிலேயே இந்தியக் குடியுரிமை முடிந்துவிடுகிறது. 9ஆம் பிரிவு சொல்வது இது. இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கான ஓசிஐ அட்டை வாங்கலாம், ஊருக்கு வந்து போகலாம், தங்கலாம். ஆனால் வாக்களிக்க முடியாது. விவசாய நிலம் வாங்கவும் முடியாது. தாமிரபரணிக் கரையில் வயல் வாங்கிக் கடைசிக் காலத்தில் அங்கே இருக்க வேண்டும் என்ற எண்ணம் உள்ளவர்கள், உறுதிமொழி எடுக்கும் முன் இதை வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.

மொழிச் சான்றிதழுக்கு வரும்போது என்னென்ன கொண்டு வர வேண்டும்?

அடையாள ஆவணம் ஒன்றும், படித்திருந்தால் பள்ளிச் சான்றும் போதும். பெயரும் முன்னெழுத்தும் எல்லாக் காகிதங்களிலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று வீட்டிலேயே ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள்; நான் எழுதும் பெயர், படிவத்தில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். துணைக்கு வருபவர் திண்ணையில் இருக்கட்டும், விண்ணப்பதாரர் என் எதிரே உட்கார்ந்து தாமே பேசட்டும். அரை மணி நேரம் பிடிக்கும். அன்றைய நாளிதழை நானே மேசைமேல் வைத்திருப்பேன். பெரியவர்கள் மூக்குக் கண்ணாடியை மட்டும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.